வெள்ளைக்கல் மாதாவின் கைகள்

எங்கள் தோட்டத்தில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். டீச்சராகிப் பதினாறு வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவிசாவளை பஸ்ஸில் பொம்பளைப் பிள்ளைகளை இடித்துக்கொண்டு நின்ற ஒருத்தனைச் சிங்களத்திலேயே வாங்கு வாங்கென்று வாங்கி, நடு வழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள், பேசியே தீரவேண்டிய ஒரு நாளில் மென்று முழுங்கிவிட்டேன். எழுதினால் மனசு ஆறும் என்று சொல்கிறார்கள். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது, எனக்கு ஒன்றும் ஆறவில்லை.

தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வரும் றப்பர் தோட்டம் எங்களுடையது. மேல் டிவிசனில், மரங்கள் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் ஒரு வெள்ளைக்கல் சிலை இருக்கிறது. முக்காடு போட்டு, முழங்காலிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுகிற ஒரு பெண். வேதக்காரர்களான நாங்கள் அதை மாதா என்றோம். கீழே லயத்து வீடுகளில் இருக்கிற சைவக்காரர்கள் வெள்ளையம்மா என்று கற்பூரம் கொளுத்தினார்கள். இதற்காக இரண்டு பக்கத்துக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டை போட எங்களுக்கு வேறு விஷயம் நிறைய இருந்தது. ஒரு காலத்தில் புதிதாக வந்த சுவாமி ஒருவர், அது மாதாவே இல்லை, றப்பருக்கு முன்னால் இங்கே கோப்பித் தோட்டம் போட்ட காலத்துத் தொரை ஒருவன் செத்துப்போன பெண்சாதிக்கு வைத்த கல்லறை என்று பிரசங்கத்தில் சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே மெழுகுதிரி இரண்டு மடங்கு எரிந்ததாம். கும்பிட்டுப் பழகிய முகத்தை ஒரு பிரசங்கத்தில் தொரைசானியாக்கிவிட முடியுமா?

அந்த முகத்துக்கு நான் கடன்பட்டவள். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் வருடம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாக நான். எனக்கும் காய்ச்சல் வந்து கண் செருகியபோது, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி அந்தச் சிலையின் காலடியில் போட்டிருக்கிறாள். “இந்த ஒண்ணையாவது எனக்கு விட்டுக் குடு. நான் சாகுற வரைக்கும் வருசா வருசம் ஒன் மொகத்த என் கையாலயே கழுவி விடுறேன்” என்று நேர்ந்துகொண்டாளாம். நான் பிழைத்துக்கொண்டேன். இப்போது எனக்கு நாற்பது வயது.

வருடா வருடம் மாதா திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, றப்பர்ப் பால் வெட்டு முடிந்து வந்ததும் அம்மா மேலே போவாள். பேசின் தூக்குவது நான். பேசினுக்குள் முதல் நாளே ஊறவைத்த கொறக்காய்ப் புளி, நாலைந்து எலுமிச்சம் பழம், தேங்காய் நார். எங்கள் வீட்டுப் பித்தளை மெழுகுதிரித் தண்டைப் புளி போட்டுத் தேய்த்தால் எப்படிப் பளபளக்கும்? அதே கணக்குத்தான் அம்மாவுக்கு. முகத்தில் புளியைப் பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, நாரால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவாள். பாசி எல்லாம் போய் முகம் பாலாய் வெளுக்கும். அம்மா ஒரு எட்டு பின்னால் போய் நின்று பார்ப்பாள். அந்த நேரத்தில் அவளுடைய முகத்தில் வருகிற சந்தோசத்தை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை. பால் மரத்துக்கும் லயத்துக்கும் நடுவில் கிடந்து தேய்ந்தவளுக்கு அது ஒன்றுதான் தன்னுடையது.

கைகளை மட்டும் தொடமாட்டாள். கேட்டால், “கும்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க கைய தட்டி விட்ட மாதிரி ஆயிரும்டி” என்பாள். அதனால் முகம் வெள்ளை வெளேரென்றும், கைகள் பச்சையும் கறுப்புமாகப் பாசி பூத்தும் இருக்கும்.

போன வருடம் திருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு வெள்ளைக்கார நோனா வந்தாள். இத்தாலிக்காரி. அறுபதுக்கு மேல் இருக்கும். கித்துல்கலயில் தங்கியிருந்து, அங்கிருந்து ஒரு வேனில் வந்தாள். டிரைவர் சிங்களவர், நல்ல மனிதர், இங்கிலீஷும் தெரியும். நோனா தமிழ் ஆட்களோடு பேச வேண்டும் என்றதால் தோட்டத்து ஆபீஸில் என்னைப் பிடித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள் நான்தானே.

தன் ஊர்ச் சிற்பி ஒருவனுடைய வாழ்க்கையை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின ஆள். பெரிய பெயர் வாங்கினவனா என்று கேட்டேன். “இல்லை. வாங்கியிருந்தால் எனக்கு முன்னால் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள்” என்று சிரித்தாள். காலில் அட்டை கடித்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது, குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க அவனுடைய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மலை முழுக்க வெள்ளைக்கல் இருக்கிற ஊர். தகப்பன் கல் வெட்டுகிற கூலி. கயிறு அறுந்து பாளம் சரிந்ததில் அடியிலே போய்விட்டான். தாய் மணல் சுமந்து பிள்ளைகளை வளர்த்தாள். அங்கே கல்லை அறுக்கிற வாளுக்கு ஈர மணல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த மணலைப் பொம்பளைகள் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், நாள் முழுக்க. “எங்க ஆட்கள் பால் வாளி சுமக்கிற மாதிரி” என்றேன். நின்று, அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மகன் பட்டறையில் சேர்ந்தான். கை வேலை தெரிந்தவன், வாய் வேலை தெரியாதவன். ஆயுள் முழுக்க இன்னொருத்தனுடைய பட்டறையில், இன்னொருத்தனுடைய பெயரில், செத்துப்போன பணக்காரர்களுக்குக் கல்லறைச் சிலை செதுக்கினான். தூர தேசத்திலிருந்தெல்லாம் கடிதத்தில் ஓடர் வரும். எங்கள் தொரையும் அப்படித்தான் எழுதியிருக்கிறான். பெண்சாதியின் சின்னப் படம் ஒன்றை அனுப்பி, இவள் முழங்காலிட்டு ஜெபிக்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறான். படத்தைப் பார்த்து அந்தச் சிற்பி முகத்தைச் செதுக்கினான். படத்தில் கை இல்லை.

“அப்போது கையை எதைப் பார்த்துச் செதுக்கினான்?” என்றேன்.

“முதலில் நான் பார்க்கிறேன். பிறகு சொல்கிறேன்” என்றாள்.

அம்மா எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், திருநாள் சேலையைக் கட்டிக்கொண்டு. மாதாவைப் பார்க்கக் கடல் கடந்து ஒருத்தி வருகிறாள் என்று லயத்தில் இருப்புக் கொள்ளவில்லை அவளுக்கு.

நோனா சிலைக்கு முன்னால் நின்றாள். டிரைவரும் கூடவே ஏறி வந்து பக்கத்தில் நின்றார். நோனா அதன் கன்னத்தில் விரலை வைத்துத் தடவினாள். சீனி மாதிரிப் பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது. அந்த விரலை என்னிடம் காட்டினாள்.

“யாரோ இதை அமிலத்தால் கழுவியிருக்கிறார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பல வருடமாக. இமை எங்கே? உதடு எங்கே? இந்த முகம் ஒரு வெற்றுக் கல். இதைச் செய்ய யாருக்கு மனம் வந்தது?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புளிதான் அந்த அமிலம் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு லிட்மஸ் தாள் பாடம் நடக்கும்போது நானே புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். படித்து என்ன, கிழித்து என்ன. அத்தனை வருடம் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு நாளும் அது தோன்றவில்லையே.

“தெரியாது. எங்கெங்கேயோ இருந்து ஆட்கள் வந்து போவார்கள்” என்று நோனாவிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

அவள் பெருமூச்சு விட்டுக் கைகளிடம் குனிந்தாள். டோர்ச் அடித்துப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு மெல்லிய தூரிகையை எடுத்து, வெறும் தண்ணீரில் தொட்டு, ஒரே ஒரு விரலை மட்டும் துடைத்தாள். பாசி விலகி உள்ளே கல் வந்தது. கல் என்று சொல்ல வாய் வரவில்லை, தோல் தெரிந்தது. முட்டி தடித்து, நகம் தேய்ந்து, விரல் ஓரத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. தொரைசானி விரல் இல்லை அது. நோனாவின் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

“இவை அவனுடைய தாயின் கைகள். மணல் சுமந்த கைகள். தொரை கோபித்து எழுதிய கடிதம் எங்கள் ஊரில் இருக்கிறது. என் மனைவி ஒரு நாளும் வேலை செய்தவள் இல்லை, இது எந்தக் கூலிக்காரியின் கை என்று கேட்டிருக்கிறான். அந்தக் கையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். முகம் போய்விட்டது. இது மட்டும் அவன் விட்ட மாதிரியே இருக்கிறது. பத்து நாளில் கொழும்பிலிருந்து கருவியோடு ஆட்களைக் கொண்டுவந்து முழுதாக அளவெடுப்பேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. எல்லோரிடமும் சொல்லுங்கள்.”

“என்னா சொல்றாங்க நோனா?” என்று அம்மா கேட்டாள்.

“ரொம்ப அழகா இருக்காம்மா. நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்றாங்க.”

அம்மா எழுந்து வந்து நோனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நோனாவுக்கு என்ன தெரியும், அவளும் சிரித்துக்கொண்டு அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

“அப்ப அந்தக் கைய மட்டும் ஏன் டோர்ச் அடிச்சு அவ்வளவு நேரம் பாத்தாங்க?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்.”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இரண்டு பக்கமும் நழுவிவிட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

தொடக்கூடாது என்பதைச் சொல்லாமல் விடவில்லை. மேல் டிவிசன் வாச்சரிடம் சொன்னேன். லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. டீச்சர் வீட்டில் சொல்லியிருப்பாள் என்று மற்றவர்களும் அவளிடம் சொல்லவில்லை. கையை ஏன் தொடக்கூடாது என்று சொல்லப்போனால் முகத்துக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டி வரும். என்னை உயிரோடு வைத்திருக்க அவள் செய்த நேர்ச்சைதான் அந்த முகத்தைத் தின்றது என்று எந்த வாயால் சொல்வது? அதோடு அவள்தான் அந்தக் கையைத் தொடாதவளாயிற்றே. அதைச் சாக்கு வைத்துக்கொண்டேன்.

பத்து நாளும் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று கிடந்தேன். அம்மாவோ லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள். “வெள்ளக்கார நோனாவே சொல்லிட்டாங்க, நான் நல்லா வச்சிருக்கேன்னு.” என்னோடு எப்போதும் முறைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காகூட வந்து, “ஒங்கம்மாவுக்கு வந்த மவுசப் பாரு” என்று கேலி செய்துவிட்டுப் போனாள். இதற்கு மேல் நான் எங்கே வாயைத் திறப்பது?

ஒன்பதாம் நாள் நான் ஒரு கூட்டத்துக்காக அவிசாவளைக்குப் போயிருந்தேன். மறுநாள் நோனா திரும்பி வருகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும், அவள் ஸ்டோருக்குப் போயிருக்கிறாள். றப்பர் பாலை உறைய வைக்க அங்கே ஒரு அசிட் வைத்திருப்பார்கள். ஷீட் போடுகிற அண்ணனிடம் அதில் கொஞ்சம் போத்தலில் வாங்கிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறாள். கையில் இத்தனை காலம் மண்டிய பாசி எலுமிச்சம் பழத்துக்கு மசியாது என்று அவளுக்குத் தெரியும். அசிட் பட்டால் அழுக்குப் பாலும் உறைந்து வெள்ளை ஷீட்டாக வருகிறது, கல்லுக்கு மட்டும் ஆகாதா? றப்பர் தோட்டத்தில் காலம் தள்ளியவளுக்கு அப்படித்தான் தோன்றும். வாச்சர் தடுக்கவில்லை. “டீச்சரோட அம்மாதானே. டீச்சருக்குத் தெரியாமலா வருவாங்கன்னு நெனச்சேன்” என்று பிறகு என்னிடம் சொன்னான்.

மறுநாள் நோனாவோடும் டிரைவரோடும் கொழும்பு ஆட்களோடும் ஏறிப் போகும்போதே மூக்கில் அசிட் வாடை ஏறியது. ஸ்டோர் வாடை இங்கே எப்படி என்று நினைத்து, எல்லோரையும் முந்திக்கொண்டு ஏறினேன்.

கைகள் உப்புக் கட்டி மாதிரி வெளுத்திருந்தன. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த பள்ளம் தூர்ந்துவிட்டது. முட்டி இல்லை, நகம் இல்லை, வெடிப்பு இல்லை. பக்கத்தில் அம்மா நின்றாள். அவளுடைய விரல்கள் அசிட் பட்டுச் சிவந்து தோல் உரிந்திருந்தன. சேலைத் தலைப்பில் அவற்றை மறைத்துக்கொண்டு, முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நோனா ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் கருவியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவேயில்லை.

“என்னாடி? ஏன் அழுவுறாங்க?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, வருடா வருடம் முகத்தைப் புளி போட்டுக் கழுவுகிற மாதிரித்தானே கையையும் கழுவினேன் என்று, மரியாதையாக, சிங்களத்தில் கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, “டீச்சர் சொல்லலியா?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முதல் நாளே எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டவர். புளி, முகம், அசிட், கல் கரைவது என்று மெல்ல மெல்லச் சிங்களத்தில் சொன்னார். கை யாருடையது என்பது மட்டும் அவர் சொன்னதில் வரவில்லை. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து நோனாதான் எழுந்து வந்தாள். அம்மாவின் சேலைத் தலைப்பை விலக்கி, அந்தச் சிவந்த விரல்களைப் பார்த்து, தன் போத்தல் தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றினாள். கோபிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் ஏதோ இருந்தது. அது நான் கேட்டு வாங்கியது.

அந்த வருடம் அம்மா திருநாளுக்குப் போகவில்லை. விரல் புண் ஆறியது. என்னோடு பேசினாள், சோறு போட்டாள், சண்டைகூடப் பிடித்தாள். மேலே இருக்கிற சிலையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. ஊர் வாயை மூட முடியுமா? மாதா முகத்தையே கரைச்சவ என்று ஒன்றிரண்டு பேர் காதுபடவே சொன்னார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போனேன். என் கோபமெல்லாம் இப்படி ஆள் மாறித்தான் பாய்கிறது.

இந்த வருடமும் அந்தச் சனிக்கிழமை வந்தது. பகல் சாப்பாடு முடிந்து அம்மா வாசல்படியில் உட்கார்ந்து றப்பர்க் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்.

“மொகம் போனது என்னாலதான். அது நேர்ச்சை. அத மாதாகிட்டயே சொல்லிக்கிறேன். அந்த நோனா கையப் பாத்து என்னா சொன்னாங்க? அத இன்னிக்காச்சும் சொல்லு.”

முதல் நாள் நோனா எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அவள்தான் ஊருக்குப் போய் அனுப்பினாள். பாசிக்கு நடுவில் துடைத்த அந்த ஒற்றை விரல். வந்த அன்றே அம்மாவிடம் காட்டியிருக்கலாம், தைரியம் இல்லை. இப்போது கொண்டுபோய்க் கொடுத்தேன். மணல் கூடையைச் சொன்னேன். தகப்பன் செத்ததை, தாய் சுமந்ததை, மகன் அந்தக் கையைக் கொண்டுபோய்த் தொரைசானிக்கு வைத்ததை, தொரை திட்டி எழுதியதை, எல்லாவற்றையும் ஒரு வருடம் பிந்திச் சொன்னேன்.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“நோனா அவ்வளவு நேரம் பாத்தாங்களே, அழுக்கா இருக்குன்னுதான் பாக்குறாங்கன்னு நெனைச்சேன்டி. வெக்கமாப் போச்சு. வேல செஞ்ச பொம்பள கைன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நான் ஏன்டி அதக் கழுவப் போறேன்? வேல செஞ்ச கை அப்புடித்தானே இருக்கும்.”